நீல வெளிச்சமும் அப்பாவின் இறப்பர் சீட்டும்

இரண்டாயிரத்து ஐந்தில், இலங்கையில் தெஹியோவிட்டைப் பக்கம் உள்ள எங்கள் இறப்பர் தோட்டத்துக்கு ஒரு கடிதத்தோடு போய் இறங்கினேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்திருந்தது. ஐந்து வருடம். அம்மா இல்லாத வீட்டில் அப்பா சரி என்று சொல்லாமல் கிளம்ப எனக்கு மனமில்லை.

"என்னா படிக்கப் போற பாப்பா?"

"காந்தம்ப்பா. பிளாஸ்டிக் மாதிரி கரிச் சாமான்ல கொஞ்சம் உலோகம் சேத்துச் செய்றது. அதுமேல நீல வெளிச்சம் அடிச்சா காந்த சக்தி கூடுது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். முப்பது வருடமாக, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தொழிற்சாலையில், இறப்பர் பாலை உறையவைத்துத் தட்டிய சீட்டைப் புகையில் தொங்கவிட்டுக் காய வைப்பவர் அவர். வெயிலில் கிடந்த சீட் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். பிறகு அதை யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்கள்.

"வெளிச்சம் பட்டா ஒட்டும்னு கண்டுபிடிக்கவா பிளேன் ஏறுற? நம்ம ஸ்டோர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களே!"

அதோடு விட்டாரா? ஒரு துண்டு சீட்டைக் கூரைமேல் போட்டு, நாலு நாள் வெயில் காட்டி, எங்கள் லயத்து வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு அதில் ஒரு ஊக்கை அழுத்தினார். ஊக்கு தொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அது பிசுக்குப்பா, காந்தமில்ல!"

"ஒட்டுதா இல்லையா? அதச் சொல்லு."

பட்டம் வாங்கிய நான் ஒரு ஊக்கிடம் தோற்றேன். கூட்டம் கலைந்த பிறகு அவரை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். அந்தச் சாமானுக்குள்ளே குட்டிக் குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. நீல வெளிச்சம் பட்டதும் மூலக்கூறுகளின் வடிவம் லேசாக மாறி, அந்தக் காந்தங்கள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன. இதெல்லாம் ஐஸ் கட்டியைவிடப் பயங்கரமான குளிரில்தான் நடக்கும். அப்பா இப்போது சிரிக்காமல் கேட்டார்.

"லைட்ட அணைச்சா?"

"அப்பவும் அப்படியே நிக்கும்ப்பா, ரொம்ப நேரத்துக்கு."

"பழையபடி ஆவவே ஆவாதா?"

"பச்சை வெளிச்சம் காட்டினா கொஞ்சம் திரும்பும். முழுசா இல்ல."

அப்பா கடிதத்தை எடுத்துப் புரட்டினார். அதில் ஒரு எழுத்தும் அவருக்குப் புரியாது.

"அஞ்சு வருசம் அங்கிட்டு இருந்தவ, இந்த லயத்துக்கு எங்க திரும்பப் போற" என்றார்.

"வருவேன்ப்பா."

"முழுசா வேணாம் பாப்பா. கொஞ்சம் வந்தாலும் போதும். போயிட்டு வா."