வாரேனுங்க என்று சொல்லி வந்த இடம்

மருமகள் தபாலில் பட்டப்படிப்பு படிக்கிறாள். போன வாரம் நான் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சைக்கு வைத்திருக்கிற ஒரு நாவலின் கதையைச் சொன்னாள். அடிமையாய்க் கிடந்த ஒருத்தி தப்பி ஓடுகிற கதை. துரத்துகிற ஆள்கள், நாய், காடு எல்லாம் வெளிப்போராட்டமாம். அவள் மனசுக்குள் நடப்பது உள்போராட்டமாம்.

"ஏனுங்கத்தை, தப்பிச்ச பொறவு அவளுக்கு என்ன போராட்டம்? சந்தோசமாத்தானே இருக்கோணும்?"

"கிழங்கு கறுத்துப்போகும், தண்ணியில போடு கண்ணு" என்றேன். வாயால் சொல்லத் தெம்பில்லை. எழுத்துக்கூட்டி, மெதுவாக எழுதுகிறேன்.

சில வருசம் முன்னால் நானும் என் ஊட்டுக்காரரும் மேற்கே ஒரு மலைக்கு மிளகு பறிக்கப் போனோம். எங்கள் மலையிலே, குண்டூர் நாட்டில், எங்களுக்கும் நிலமுண்டு, மிளகுக்கொடியுண்டு. அந்த வருசம் கொடியெல்லாம் வாடிப்போச்சு. அடுத்தவர் வாசலில் வேலை கேட்டு நிற்காதவள், அங்கே போய் நின்றேன்.

பறிப்பு முடிந்தும் மேஸ்திரி விடவில்லை. களை வெட்டிட்டுப் போங்க என்றார். வெட்டினோம். மழை விடட்டும் என்றார். போனைப் பிடுங்கிக்கொண்டார். கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். எதிர்த்துக் கேட்ட என் ஊட்டுக்காரரை எல்லார் முன்னாலும் அறைந்தார்.

தோட்டத்து முதலாளியின் அம்மா பங்களாவில் படுத்த படுக்கை. குளிப்பாட்டுவதும் கால் அமுக்கிவிடுவதும் நான்தான். அந்தம்மாவுக்கு இந்த அநியாயம் தெரியாது. சொன்னால் மேஸ்திரி காதுக்குப் போகும் என்று நானும் சொல்லவில்லை. அந்தம்மா தன் தட்டில் ஒரு இட்டிலியை எனக்கென்று ஒதுக்கி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஸ்திரி கல்யாணத்துக்குப் போயிருந்தார். சமையல்கட்டுக்குப் பின்னால் வேலி அறுந்திருந்தது. ஊட்டுக்காரர் அங்கே நின்று கையாட்டினார். அந்தம்மாவின் அறையைத் தாண்டித்தான் நான் போகவேண்டும்.

"எங்க கண்ணு கெளம்பிட்டே?"

எங்கள் பக்கம் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். அது திரும்பாதவர்களின் பேச்சு. வாய் தானாகச் சொன்னது: "போயிட்டு வாரேனுங்க."

"வெரசா வா. கால் கடுக்குது."

காட்டுக்குள் இறங்கி, லாரி பிடித்து, பஸ் மாறி மறுநாள் எங்கள் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி வந்தோம். மேலே ஊருக்குப் போகிற பஸ் நின்றது. ஏற எனக்குக் கால் வரவில்லை.

"வாரேன்னு சொல்லிப்போட்டேன். காத்திருப்பாங்க."

"அடி வாங்குனது நான். நீ திரும்பிப்போய்க் கால் அமுக்கப் போறியா?"

"சொன்ன சொல்லு."

"வாரேன்னு சொன்னவங்க அத்தனை பேரும் வந்தா நம்ம ஊட்டுல நிக்க எடமிருக்குமா?" என்று சிரித்தார். கன்னத்து வீக்கம் வற்றியிருக்கவில்லை. சிரித்ததும் வலித்து, கையால் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, ஏறுறீங்களா, அடுத்த பஸ்சுங்களா?" என்று கண்டக்டர் கத்தினார்.

அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் ஏறினேன்.

யாரும் துரத்தி வரவில்லை. புதுக்கொடி வைத்தோம், பிடித்துக்கொண்டது. அந்தம்மா எத்தனை நேரம் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாரோ, பிறகு யார் வந்து சொன்னார்களோ, எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் யார் ஊட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. போறேன் என்றும் சொல்ல முடியாது. பேசாமல் எழுந்து நடக்கிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். விளக்கம் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது.