சந்தனம் வைத்த ராட்செட்

சான் ஹோசேயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், மகளின் கட்டிலுக்குக் கால்மாட்டில் ஒரு டிரஸ்ஸர் நின்றது. என் தோள் உயரம், கனமான இழுப்பறைகள். குழந்தை இருக்கும் வீட்டில் இதெல்லாம் சாய்ந்து விழாதபடி சுவரோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும் என்று பிரசவ வகுப்பில் சொன்னார்கள், குழந்தை மருத்துவர் சொன்னார், பார்க்கில் பார்க்கும் அம்மாக்கள் சொன்னார்கள். எல்லோரிடமும் ஏற்கெனவே செய்துவிட்டதுபோல் தலையாட்டி வைத்தேன்.

ஒரு நாள் காலை நிலம் லேசாக நடுங்கியது. இந்த ஊரில் இது புதிதில்லை. மகள் சமையலறையில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடங்கியதும் அவள் அறைக்குப் போனேன். டிரஸ்ஸரின் மேல் இழுப்பறை தானாக நான்கு விரற்கடை வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதைத் திரும்ப உள்ளே தள்ள எனக்குக் கை வரவில்லை.

அன்று மாலையே கணவர் இரும்புப் பட்டைகளும் நீள போல்ட்டுகளும் வாங்கி வந்தார். சுவருக்குள் மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, துளையும் போட்டுவிட்டார். போல்ட்டை முடுக்கும்போதுதான் ராட்செட் ஸ்பானர் வழுக்கியது. ஒரு பக்கம் திருப்பினால் பிடித்து இறுக்க வேண்டும், மறுபக்கம் கிட்கிட் என்று சும்மா ஓட வேண்டும். அது இரண்டு பக்கமும் சும்மா ஓடியது. எண்ணெய் விட்டுப் பார்த்தார். இன்னும் நன்றாக ஓடியது.

"இப்பல்லாம் இந்த பிராண்டோட தரமே போச்சு," என்றார். "ஒரு காலத்துல இத வச்சு இங்க அப்பன், புள்ள, பேரன்னு மூணு தலைமுறை கார் ரிப்பேர் பண்ணியிருக்கு."

அந்த ராட்செட் இருந்த டூல் பெட்டியை அவர் வாங்கியது நாங்கள் சோபா வாங்குவதற்கு முன்பு. ஷாப்பிங் மாலின் ஒரு முனை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்த பெரிய கடை அது. வாஷிங் மெஷின், குழந்தைகள் ஃபிராக், மெத்தை, டயர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கடையின் சொந்த பிராண்டுதான் இந்த டூல்கள். ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம், உடைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பில்கூடக் கேட்காமல் புதிது தருவார்கள் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். டூல்களைவிட அந்த உத்தரவாதத்தின் மேல்தான் அவருக்கு மோகம்.

அதனால் வேறு ஸ்பானர் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. "சும்மா குடுக்கறத விட்டுட்டு எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? வீக்கெண்ட் போய் எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம்." பக்கத்து வீட்டில் இரவல் கேட்கவும் அவருக்கு மனமில்லை. அந்த வீக்கெண்ட் அவருக்கு ஆபீஸ் வேலை. அடுத்த வீக்கெண்ட் பிளசன்டனில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள்.

அதுவரை மகள் எங்கள் நடுவில் படுத்து இருவரையும் உதைத்தாள். பகலில் "ஐ வான்ட் மை பெட்" என்று அறை வாசலில் நின்று அழுதாள். நான் மேல் இழுப்பறைத் துணிகளையெல்லாம் எடுத்துக் கீழே அடுக்கினேன். கீழே நிறைய இருந்தால் அதைத் திறந்து மேலே ஏறுவாளோ என்று தோன்றியது. பாதியைத் திரும்ப மேலே வைத்தேன். கடைசியில் அறைக் கதவையே சாத்தி, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டேன். அப்புறம் அந்த நாற்காலியில் ஏறுவாளோ என்று பயந்தேன்.

ஒரு வாரநாளில் பொறுக்க முடியாமல் நானே கிளம்பினேன். மகளை ஸ்ட்ரோலரில் வைத்து, ராட்செட்டையும் ஒரு போல்ட்டையும் டயப்பர் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வெயிலுக்குப் பயந்து அந்தக் கடைக்குள்தான் நடப்பேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். செருப்புப் பகுதி இல்லாமல் போனது. எஸ்கலேட்டர் நின்றது, யாரும் சரி செய்யவில்லை. காலியான இடம் தெரியாமல் இருக்கத் துணி ஸ்டாண்டுகளை முன்னால் நகர்த்தி வைத்தார்கள். இவ்வளவு பெரிய கடையை மூடிவிடவா போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எல்லாவற்றுக்கும் பயப்படும் நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை.

இப்போது வாசலிலேயே மஞ்சள் பேனர். கடை மூடப்படுகிறது, எல்லாம் விற்பனைக்கு, எதுவும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படாது. துணி மாட்டி நிறுத்தும் ஆளுயரப் பொம்மைகள்கூட விலைச் சீட்டோடு தரையில் கிடந்தன. மகள் குனிந்து பார்த்து, "ஆர் தே ஸ்லீப்பிங்?" என்றாள். ஆமாம் என்றேன்.

கவுன்ட்டரில் ஒரே ஒருவர், ஃபிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி. சொல்ல வேண்டியதை வரிசையில் நின்றபடியே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். மூடுகிற கடையில் போய் இலவசமாகக் கேட்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. அவர் ராட்செட்டை வாங்கித் திருகிப் பார்த்து, தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டினார். பிசுபிசுவென்று மஞ்சளும் சிவப்பும் கலந்து கொஞ்சம் கையில் ஒட்டியது.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்புதான் ஆயுத பூஜை. வெறும் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தால் போதுமா, வீட்டில் இருக்கிற டூல்ஸையெல்லாம் நன்றாகக் கழுவி வை என்று மாமியார் வீடியோ காலில் சொன்னார். எல்லாவற்றையும் குழாயடியில் கழுவினேன். ராட்செட்டின் உருண்டைத் தலை பார்க்க நெற்றி மாதிரி இருந்ததால், அதற்கு மட்டும் சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தேன்.

இது என்ன என்று அவர் கேட்டார். துரு என்று சொல்லியிருக்கலாம். வருடத்தில் ஒரு நாள் கருவிகளைக் கும்பிடுவோம் என்றேன்.

"இந்த பிராண்டையா?" அவர் சிரித்துவிட்டார். "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாமே. எங்க கடைக்கும் சேர்த்து."

நானும் சிரித்தேன், பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பிராண்டின் பெயரை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள், தன்னால் எதையும் மாற்றித் தர முடியாது, வேறு ஹார்டுவேர் கடையில் ஒருவேளை தருவார்கள் என்றார். பக்கத்து மேஜையில் கிடப்பதுதான் மிச்சம். அவருக்கும் அந்த மாதம் வரைதான் வேலை. அடுத்து என்ன என்று கேட்டேன். டெக்ஸாஸில் இருக்கும் மகள் வரச் சொல்கிறாள், இன்னும் முடிவு செய்யவில்லை என்றார்.

மேஜையில் சில ஸ்பானர்கள் கிடந்தன. அதே பிராண்டுதான், எடை குறைவு. யாரும் எடுக்காமல் கிடக்கிறதே, ஏதாவது கோளாறு இருக்குமோ? பையிலிருந்து போல்ட்டை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்று ஆடாமல் பிடித்தது. ஹார்டுவேர் கடைக்கு அடுத்த வீக்கெண்ட் போகலாம் என்று கணவர் சொல்லப்போவது இப்போதே காதில் கேட்டது. வாங்கிவிட்டேன்.

வீட்டில் மகளை அறை வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, உள்ளே வந்தால் ஐஸ்கிரீம் கிடையாது என்றேன். ஸ்பானரைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், எடுத்து மறுபடி மாட்ட வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். போல்ட் முனகிக்கொண்டே மரத்துக்குள் போனது. உள்ளங்கை சிவந்துவிட்டது. முடித்ததும் இழுப்பறைகளைத் திறந்து, விளிம்பைப் பிடித்து என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். டிரஸ்ஸர் அசையவில்லை.

மாலையில் கணவர் வந்து அவரும் இழுத்துப் பார்த்தார். இறுக்கம் போதும் என்றார். ராட்செட்டைப் பெட்டியில் வைத்தபடி, வேறு கடையில் கேட்டு மாற்றிக்கொண்டு வருவதாகவும், கம்பெனிக்காரன் தரத்தைக் கெடுத்துவிட்டதாகவும் மறுபடி ஆரம்பித்தார்.

"கம்பெனி இல்ல. உள்ள சந்தனம்," என்றேன்.

ராட்செட்டை மறுபடி எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார்.

மகள் அன்று தன் கட்டிலில் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் கதவோரம் நின்று டிரஸ்ஸரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய், அன்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த மேல் இழுப்பறையை உள்ளே தள்ளினேன்.