மூன்றாம் ஓலை

கெசியா தேவாலயத்துக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் வாசிக்கும் அறிவிப்புக்கு ஓலை என்று பெயர். தன் கல்யாண ஓலையைத் தானே கேட்கிற பெண்ணுக்கு ஊமைப் பிள்ளை பிறக்கும் என்று ஆஷ்கோம் ஊரே நம்பியது. முதல் இரண்டு ஞாயிறும் அவள் வீட்டோடு கிடந்தாள். இன்று கடைசி ஓலை. இருப்புக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

பத்து வயதில் பாதிரியார் வீட்டுத் துணி துவைக்கப் போனவள். இருபதில் ரூபனைக் கட்டினாள். மூன்றாம் வருஷம் அவன் கப்பலேறினான். ஒன்பது வருஷமாகிறது; ஆளும் இல்லை, தகவலும் இல்லை. இப்போது வேலி கட்டும் ஏபெல் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான்.

ரூபனின் அக்கா திர்சாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "என் தம்பி உசுரோட இருக்கான். கடைசி ஓலையில எந்திரிச்சுத் தடை சொல்றேனா இல்லையா பாருடி!" என்று கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். தடை வந்தால் கல்யாணம் நின்றுவிடும்.

பிந்தி வந்த மருத்துவச்சி ஹெஸ்டர் சுவரோரம் நின்ற கெசியாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "ஓடுடி! ஊமையைப் பெத்துட்டு எங்கிட்ட வந்து அழாதே."

"பெத்தாப் பாத்துக்கலாம். நீங்க உள்ள போங்கக்கா."

பாட்டு நின்றது. பாதிரியார் ஓலையை வாசித்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு குரல் கிளம்பியது: "தடை இருக்கு!"

கெசியா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாத் தலையும் திரும்பியது. ஏபெலின் கையில் தொப்பி கசங்கிக்கொண்டிருந்தது.

"என்ன காரணம், திர்சா?" என்றார் பாதிரியார்.

"என் தம்பி சாகலைங்கய்யா."

"கடுதாசி வந்துச்சா?"

"இல்லீங்க."

"பாத்தவங்க யாராச்சும்?"

"மனசு சொல்லுதுங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். கெசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மதினி," என்றாள். "அவரு உசுரோட இருந்துக்கிட்டே ஒரு வரி எழுதலைன்னா, என்னை மட்டுமா விட்டுட்டாரு? உங்களையுந்தானே விட்டுட்டாரு?"

திர்சா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"தடையை விட்டுடுறியா?" என்றார் பாதிரியார்.

குனிந்த தலை அசைந்தது.

பாதிரியார் முதலிலிருந்து வாசித்தார். ஏபெல், மணமாகாதவன். கெசியா, விதவை.

அந்தச் சொல்லை அவள் காதுபட இதுவரை யாரும் சொன்னதில்லை. திர்சா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏபெல் பக்கத்தில் இடம் இருந்தது. கெசியா திர்சாவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திர்சா நகர்ந்து இடம் விடவில்லை. எழுந்து போகவும் இல்லை.