பூசையில் வாசித்த மருந்து

இன்று கோட்டாற்றில் ஊருக்குப் பஸ் ஏறியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், எங்கள் தெரு செல்வமேரி அக்கா. அவர் கணவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய்.

“மக்கா, மருந்து கொண்டு வந்தியா?”

“எந்த மருந்துக்கா?”

“நீ மூளை நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சதா ஃபாதர் பூசையில வாசிச்சாருல்லா. அன்னைக்கே பழைய மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டும் சேந்து ஒத்துக்கிடாம போயிரப்பிடாதுல்லா.”

“அண்ணன் இப்பம் எப்படி இருக்காவ?”

“காலையில இருந்து உடம்பு வெறச்சுக் கெடக்கு.”

அக்காவிடம் நம்பர் வாங்கி, பஸ்ஸிலிருந்தே அண்ணனுடைய டாக்டரை அழைத்தேன். என்னைத் திட்டிவிட்டு, உடனே தூக்கி வரச் சொன்னார். இப்போது ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மாத்திரை மறுபடி உள்ளே போயிருக்கிறது. விரல்கள் அசைகின்றன.

என் ஆராய்ச்சி இவ்வளவுதான்: மூளையில் அழற்சியைத் தூண்டிவிடும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை எலிகளில் அடக்கிப் பார்க்கிறேன். எலிகளுக்கு அழற்சி குறைந்தது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா எலியை விட்டுவிட்டு மிச்சத்தை ஃபாதரிடம் சொல்லியிருக்கிறாள்.

“ஞாயிற்றுக்கிழமை திருத்தி வாசிக்கிறேன், எழுதிக் கொடு” என்கிறார் ஃபாதர். அழற்சி குறைந்தது எலிகளுக்கு மட்டும்தான் என்பதை, செல்வமேரி அக்கா முன்வரிசையில் இருந்து கேட்டதும் புரியும்படி எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழேயே சொல்லுங்கள்.

அம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.