பத்தவைக்காத உலை

அந்த அணுமின் நிலையத்தில் எல்லோரும் அவளை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தங்கை மட்டும் "அடுப்பே பத்தவைக்காத சமையல்காரி" என்பாள். கேலியில் தப்பில்லை. நிலையத்தைக் கட்டி முடித்து, ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, எரிபொருள் ஏற்ற வேண்டிய சமயத்தில் ஆட்சி மாறியது. புது அரசு பயந்து நிறுத்திவிட்டது. அடுத்து வந்தவர்கள் நிலக்கரிப் புகையைக் குறைப்பதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர்களுக்கு இடிக்கவும் மனமில்லை, தொடங்கவும் தைரியமில்லை. "தயார் நிலையில் இருக்கட்டும்" என்று ஓர் உத்தரவு வந்தது. அந்த உத்தரவிலேயே அவள் தலை நரைத்தது.

வேலை என்னவோ நிஜ வேலைதான். காலையில் சீருடை மாட்டிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போய், பூஜ்யத்தில் நிற்கும் முட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். டர்பைன் கூடத்தில் அந்த ராட்சதத் தண்டு தன் பாரத்திலேயே வளைந்துவிடக் கூடாதென்று, ஃபிட்டர் அண்ணன் சின்ன மோட்டாரைப் போட்டு அதை மெல்லச் சுற்றிவிடுவார். துருப்பிடிக்காமலிருக்கக் குழாய்களுக்குள் காய்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தூங்குவது போல ஒரு சத்தம். புதிதாக வருகிறவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வருடக் கோடை ஆளை வறுத்தெடுத்தது. பழைய நிலக்கரி நிலையங்களில் பாதியை மூடியிருந்தார்கள். ஆறு வற்றி, நீர்மின்சாரமும் படுத்துவிட்டது. ஒரு மத்தியானம், அவள் மேஜை ஓரத்தில் இருந்த போன் அடித்தது. நாடெங்கும் மின்சாரத்தைப் பங்கிடும் மையத்திலிருந்து நேராக வரும் இணைப்பு அது. அவள் சேர்ந்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அடித்ததில்லை.

எடுத்தாள். நிதானமான ஒரு பெண் குரல்.

"மேடம், வணக்கம். உங்க யூனிட்ட இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமா? டிமாண்ட் எகிறுது."

"எதை ஏத்தணும்? இங்க எதுவும் ஓடலையேம்மா."

"ஓடுதே மேடம். முழு லோடுக்குக் கொஞ்சம் கம்மியா ஓடுது. நான் பாத்துட்டேதான பேசறேன்."

"எம்மா, இங்க எரிபொருளே கிடையாது. கட்டின நாள்லேர்ந்து இந்த உலைய யாரும் பத்தவச்சதில்ல."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதே நிதானத்தோடு, "ஒரு நிமிஷம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றீங்களா?"

சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கண்ணெதிரே எல்லா முட்களும் பூஜ்யத்தில்தான் இருந்தன. இருந்தும் போனை அப்படியே வைத்துவிட்டு டர்பைன் கூடத்துக்கு ஓடினாள். இரும்பு உறையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"என்னம்மா, ஜுரம் பாக்கறீங்களா?" என்றார் ஃபிட்டர்.

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. வந்த வழியே திரும்பி நடந்தாள். அறைக்கு வந்து சேர்வதற்குள் விளக்குகள் அணைந்தன. நாடு முழுக்க அணைந்தன.

விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. அரசின் பருவநிலைத் திட்டத்தில், ஓடாத இந்த நிலையத்தின் மின்சாரமும் வருடாவருடம் சேர்த்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கோடைக்குச் சற்று முன்னால் மையத்தின் கணினியை மாற்றியபோது, திட்டத்தில் இருந்த எண்களையே நடப்பு எண்களாக ஏற்றிவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் நம்பினார், அவ்வளவுதான். இல்லாத மின்சாரத்தை நம்பி ஊர்களுக்குத் திறந்துவிட்டதில் எல்லாம் சேர்ந்து சரிந்தது.

இனி உலையைத் தொடங்கியே தீருவது என்று அரசு நிபுணர்களை அனுப்பியது. பழைய குழாய்கள் தாங்காது என்று அவர்கள் கையை விரித்தார்கள். நிலையத்தை மூடினார்கள். ஆபரேட்டரம்மாவைப் பங்கீட்டு மையத்துக்கு மாற்றினார்கள். திட்டத்தில் எழுதியிருப்பதெல்லாம் நிஜமாக இருக்கிறதா என்று நேரில் பார்த்துவருவது அவளுடைய புது வேலை.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரைக் கார் ஓட்டச் சொல்லிக் கடலோரம் போனாள். திட்டப்படி அங்கே ஒரு புது அணு உலை எழும்பிக்கொண்டிருக்க வேண்டும். வேலி இருந்தது. கேட்டில் பூட்டு இருந்தது. உள்ளே வெறும் மணல். ஆனால் மின்கோபுரங்கள் மட்டும் வரிசையாக வந்து வெட்டவெளியில் நின்றிருந்தன. கம்பிகள் 'ஸ்ஸ்' என்று இரைந்தன.

"கரண்ட் ஓடுதா? எங்கேர்ந்துடி வருது?" என்றார் கணவர்.

"அந்தக் கோடியிலேர்ந்துங்க. கம்பியத் திருடிடக் கூடாதுன்னு சும்மாவே சார்ஜ் பண்ணி வச்சிருப்பாங்க."

காரணம் தெரிந்தவள் அவள்தான். ஆனாலும் கம்பிகளுக்கு அடியில் போக அவளுக்குக் கால் வரவில்லை. அவர் காரைத் திருப்பினார்.

அந்த உலையைத் திட்டத்திலிருந்து எடுக்கும்படி எழுதிக்கொடுத்தாள். எடுத்தார்கள். மறுவருடத் திட்டத்தில் அது திரும்ப வந்தது, இன்னும் கொஞ்சம் பெரிதாக. கணவர் வரமாட்டேன் என்றுவிட்டார். பஸ் பிடித்துத் தனியாகப் போனாள். இந்தத் தடவை கம்பிகளுக்கு அடியிலேயே நடந்து, மணலின் நடுவரை போய், ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். ஓய்வு பெறும்வரை வருடம் தவறாமல் போய்வந்தாள்.