சல்மா வண்டிக்கு நான் வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் மோகனராஜ் ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், இருபத்திரண்டு வருடமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சு கிடையாது. "உன் புருஷன் வாயைத் தொறக்கவே ஸ்பேனர் வேணும் போல" என்று என் அக்காவே கேலி செய்வாள். ஆனால் அவர் கைபட்ட வண்டி நடுவழியில் கழன்று விழுந்தது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம் என்று போன வருடம் வரை மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

போல்ட் விஷயத்தில் மனிதர் பைத்தியம். "இஞ்சின் ஆடுற ஆட்டத்துல எந்த போல்ட்டும் சும்மா இருக்காது, ரமணி. நமக்குத் தெரியாம கழண்டுகிட்டே இருக்கும்" என்பார். அவர் தம்பி குணாளன் அப்படித்தான் ஒரு காலை முறித்துக்கொண்டு ஆறு மாதம் படுத்துக் கிடந்தார். அதிலிருந்து இவருக்கு ஒரு முறை உண்டு. போல்ட்டின் மரையை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பார். காய விடுவார். நீலப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்குவார். பசை உள்ளே இறுகிவிட்டால் எவ்வளவு அதிர்ந்தாலும் அசையாது, ஸ்பேனர் போட்டால்தான் வரும். கடைசியாக என் நகப்பூச்சை எடுத்து போல்ட் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் வேலை முடிந்தது. காசு கொடுத்து வாங்கினேனே தவிர, அந்தப் பூச்சு என் நகத்தைப் பார்த்ததே இல்லை!

சல்மா எங்கள் சந்தின் முனையில் மீ கோரிங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கடை வைத்திருக்கிறவள். கணவர் இறந்துவிட்டார். ஒன்பது வயதில் ஒரே மகள், நூருல் ஹுதா. சனிக்கிழமையானால் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, கடல் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் நிபோங் திபாலில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போவாள்.

போன வருடம் ஆயுத பூசை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் இவர் சல்மா வண்டியின் முன் பிரேக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சாமான்களைக் கேட்டேன்.

"ரெண்டே போல்ட்டு. பத்து நிமிஷம் குடு."

"சாமியை விட போல்ட்டு பெருசா? குடுங்க இங்க!"

ஸ்பேனர், நகப்பூச்சு, அன்றைக்குத்தான் வாங்கிய நீலப் பசை என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் படத்தின் முன்னால் வைத்துவிட்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலைதான் தொட வேண்டும். இவர் முணுமுணுத்துக்கொண்டே, பிரேக் தொங்காமல் இருக்க இரண்டு போல்ட்டையும் விரலால் திருகிவிட்டுக் குளிக்கப் போனார்.

பட்டறையில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். சந்தனம் வைத்தால் காய்ந்து தூளாகி உள்ளே போகும் என்று கத்துவார். அதனால் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் மட்டும். சல்மா வண்டியிடம் வந்ததும் கை தயங்கியது. முஸ்லிம் வீட்டு வண்டிக்கு முகத்தில் பொட்டு வைப்பது சரியில்லை. ஆனால் தாயும் மகளும் போகிற வண்டியாயிற்றே, அதை மட்டும் ஒதுக்க மனம் வரவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று சக்கரத்தின் பக்கம் குனிந்து, அந்த இரண்டு போல்ட் தலையிலும் சின்னதாக ஆளுக்கொரு பொட்டு வைத்தேன்.

காலை எட்டு மணிக்கு சல்மா வந்தாள். இவர் குனிந்து பார்த்தார். இரண்டு போல்ட்டிலும் சிவப்பு. புள்ளி இருக்கிறதே, நேற்றே முடித்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டாராம். பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிடித்தது. சாவியைக் கொடுத்தார். ஹுதா எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

எட்டரைக்கு வேறொரு வண்டிக்காகப் பசை புட்டியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். புட்டியின் மூக்கு வெட்டப்படவே இல்லை.

"ரமணி, சல்மா மோட்டார்ல சிவப்பு வெச்சது யாரு?"

நான் சொன்னேன். அவர் முகம் பேயறைந்தது போல் ஆயிற்று.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, சல்மா எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்? பட்டறையைச் சாத்தாமலே கிளம்பினோம். பாலத்தில் அப்படி ஒரு காற்று. இவர் வண்டியை விரட்டினார், நான் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதிப் பாலத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. ஹுதா செருப்பு இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அவள் என்ன செருப்பு போட்டிருந்தாள் என்றே எனக்கு நினைவில்லை.

அக்கரையில் ஒரு ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனது. சுங்கை பாக்காப் ஊர் கிட்டே ஜனம் கூடி நின்றது. இவர் பிரேக் அடித்த வேகத்தில் என் நெற்றி அவர் முதுகில் மோதியது. எட்டிப் பார்த்தோம். யாரோ ஒரு பையன், முழங்காலில் ரத்தம். அவன் தாய்க்கு அது எப்படியோ, எனக்கு உயிர் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சல்மாவின் அம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஹுதா படியில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தாள். இவர் ஓடிப் போய்ச் சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தார். ஒரு போல்ட்டைக் காணோம். மற்றதை விரலால் தொட்டார், சுழன்றது.

சல்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "அண்ணே! அக்காவும் வந்திருக்கீங்களா? நானே போன் போடணும்னு இருந்தேன். பாலத்துல டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சுலா. நிறுத்தி, குனிஞ்சு பார்த்தேன். ரெண்டுலயும் உங்க சிவப்பு இருந்துச்சு. அண்ணே பார்த்ததுதானே, என்னா பயம்னு மறுபடியும் ஏறி வந்துட்டேன். கடைசியிலதான் முன் பிரேக் புடிக்கல."

"என் தப்பு, தங்கச்சி" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

என்னால் தாங்க முடியவில்லை. "அவரு மேல தப்பில்ல, சல்மா. அது அவரு வெச்ச சிவப்பே இல்ல. பூசைக்கு நான் வெச்ச குங்குமம். போல்ட்டை முறுக்கவே இல்ல. முறுக்க விடாம நான்தான் ஸ்பேனரைப் புடுங்கிட்டுப் போனேன்."

சல்மா மெதுவாகக் குனிந்து, மிச்சமிருந்த போல்ட்டைத் துடைத்தாள். சிவப்பு அவள் விரலோடு வந்துவிட்டது. விரலைப் பார்த்தாள். அப்புறம் படியில் இருந்த மகளைப் பார்த்தாள்.

"ஹுதா, உள்ள போ" என்றாள்.

அவளும் உள்ளே போனாள். எங்களை வா என்று கூப்பிடவில்லை.