பூனை மோண்ட மூலை

நாய் மோண்டால் ஒரு வாளித் தண்ணீரோடு போய்விடும், பூனை மோண்டால் வீட்டை விற்றுவிட்டுத்தான் போகவேண்டும் என்பார் என் அப்பா. அவர் அனுபவத்தில் சொன்னது. அனுபவத்தைக் கொடுத்தது என் பூனை.

ஐம்பதுகளின் கடைசியில் பழனி அடிவாரத்தில் அப்பாவுக்கு விபூதிக் கடை இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. பங்குனி உத்திரம் வந்தால் முன்னறையை யாத்திரை வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுப்படியில் முடங்கிக்கொள்வோம். அந்த வருஷம் நான் ஒரு பூனை வளர்த்தேன். வளர்த்தேன் என்பது பெரிய வார்த்தை. அது வந்தது, இருந்தது, பாலைத் திருடிக் குடித்தது. நான் அதை என் பூனை என்று சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். வீட்டில் எத்தனையோ இடமிருக்க, அதற்கு முன்னறை மூலைதான் பிடித்திருந்தது.

அந்த மூலையில் சிமெண்டுத் தரை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் இறங்கிய நாற்றம் யார் சொல்லியும் வெளியே வருவதாக இல்லை. அம்மா புளியைக் கரைத்து ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள். எலுமிச்சந்தோல், சாணித் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு கரண்டி நெருப்பில் சாம்பிராணியைப் போட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் அறைக்குள் நுழைந்தால் கோயிலுக்குள் பூனை மோண்ட மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவ மோளட்டும், சாக்குல போட்டுக் கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துருவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷர். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உத்திரத்துக்கு மேல்மலைப் பூண்டிக் கிராமத்திலிருந்து ஒரு தம்பதி வந்து முன்னறையில் தங்கினார்கள். வெள்ளைப்பூண்டு வெள்ளாமைக்காரர்கள். காட்டுப்பாதை வழியாக நடந்தே மலையிறங்கி வந்தவர்கள், எங்களுக்கென்று ஒரு பை நிறையப் பூண்டு கொண்டுவந்தார்கள். அம்மா அந்தப் பையை வாங்கி உள்ளே வைக்காமல் முன்னறையிலேயே வைத்தாள். பூண்டு வாடையில் மற்றது அமுங்கிவிடும் என்பது அவள் கணக்கு.

அந்த மனிதர் நிறையப் பேசினார். அவர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவர் அம்மாவிடம், "தையில கைக்கொழந்த தவறிப்போச்சுங்க தாயி. அன்னைலருந்து வாயத் தெறக்க மாட்டேங்குறா. ஒரு பொட்டு அழுகையும் இல்ல. இனி முருகந்தான் பாத்துக்கிடணும்" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு விளங்கியதெல்லாம் அந்த அக்கா புருஷனோடு கா விட்டிருக்கிறாள் என்பதுதான்.

மறுநாள் வெள்ளனே இருவரும் ஆற்றில் குளித்துவிட்டு மலையேறப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பூனை நேராக மூலைக்குப் போய்த் தன் சோலியை முடித்தது. நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். அப்பா கடையில் இருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், சத்தம் போடவில்லை. கடையின் பின்கட்டுக்குப் போய், விபூதி சலித்ததில் சல்லடையில் தங்கிய கப்பியை ஒரு முறம் அள்ளி வந்தாள். வாசனை சேர்க்காத, சாமிக்குக் காட்டாத வெறும் சாணிச் சாம்பல். அதை மூலையில் கொட்டி, ஈரத்தை இழுக்கட்டும், அவர்கள் வருவதற்குள் அள்ளிவிடலாம் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர்கள் வெரசாகவே வந்துவிட்டார்கள். கூட்ட நெரிசலில் அந்த அக்காவுக்குத் தலை சுற்றி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாளாம். சாமியைப் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறார்கள்.

"முருகா!" என்று முன்னறையிலிருந்து ஓர் அலறல். அம்மா முறத்தோடு ஓடினாள், நான் அவள் பின்னால் ஓடினேன். அந்த மனிதர் மூலையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். எழுந்தபோது பார்த்தால் நெற்றி, மார்பு, புஜம் எல்லாம் பட்டை பட்டையாகச் சாம்பல். மனைவியின் நெற்றியிலும் அள்ளிப் பூசியிருந்தார்.

"நாங்க ஏற முடியாம ஒக்காந்துட்டோம்ல தாயி, அதான் அவனே எறங்கி வந்துட்டான்! பாருங்க, ஈரங்கூடக் காயல. அபிஷேகம் முடிஞ்ச கையோட வந்துருக்கான்!"

அம்மா முறத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுக் கடையிலிருந்து அப்பாவும் வந்துவிட்டார். மூலையைப் பார்த்தார், பூண்டுப் பைமேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். போச்சு, இன்றைக்குச் சாக்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா நெற்றியைத் தொட்ட விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அய்யே, பூன மூத்தரம்ல இது!"

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தாள். உதடு துடித்தது, அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்க மாட்டாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த மனிதர் பூசியதைத் துடைக்கவே இல்லை. "பேசிட்டா தாயி, பேசிட்டா" என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யா, அந்தப் பூனைய ஒண்ணுஞ் சொல்லிப்புடாதீங்க" என்று கெஞ்சினார்.

"சேச்சே, அது எங்க வீட்டுப் பிள்ளைங்க" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தால் அந்த அக்கா தரையில் புரண்டு, குழந்தையின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தி அழுதுகொண்டிருக்கிறாள். நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கி அந்த மனிதர் பக்கத்தில் வைத்தாள். அவர்கள் இருவரையும் உள்ளே விட்டு, பூனையோடு சேர்த்து எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா அழுகுறாங்கம்மா" என்றேன்.

"அழுகட்டும்டி. நல்லா அழுகட்டும்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா என்று நினைத்துக்கொண்டு, அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.